தர்க்கம் இல்லாமல் வள்ளிக்குக் கல்யாணமா?

பங்குனி, சித்திரை மாதங்களில் மதுரையை விட்டு எந்தப் பக்கம் போனாலும் நாடக நோட்டீஸ் கண்ணில் படும். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எங்கே கோயில் திருவிழாவோ அங்கே "வள்ளி திருமணம்". ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார், டான்ஸ் யார், ஆர்மோனியம் யார், மிருதங்கம் யார் என்று படத்தோடு போட்டிருப்பார்கள். கதைச் சுருக்கம் போடுவதில்லை. முருகன் வள்ளியை மணந்த கதை தெரியாத குழந்தைகூட இந்தப் பக்கத்தில் கிடையாதே!

எல்லோருக்கும் தெரிந்த கதையைப் பார்க்க எதற்காக ஜனங்கள் பாயும் தலையணையுமாக வந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்? இதை யோசித்துப் பார்த்தால்தான் நாடகம் என்றால் என்ன என்பது புரியும். யோசிக்காமல் விட்டதால்தான் இன்று பல ஊர்களில் நாடகத்தைக் கண்ட இடத்தில் வெட்டுகிறார்கள்.

வெட்டு எப்படி விழுகிறது?

முன்பெல்லாம் இரவு 10 மணிக்கு ஆரம்பித்தால் பொழுது விடியும்போதுதான் முருகனும் வள்ளியும் மாலை மாற்றிக்கொள்வார்கள். இப்போது அத்தனை நேரம் கிடைப்பதில்லை. 2000-ம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழா போன்ற காரணங்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். அவ்வளவுதான்.

சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. நோயாளிகள் இருக்கிறார்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்களும் தூங்க வேண்டும். ஆனால் நேரம் குறைந்தபோது எதைக் குறைப்பது என்று விழாக் கமிட்டியார் எடுக்கும் முடிவுதான் வேதனையாக இருக்கிறது. பபூனும் டான்சும் ஆடும் முன்பகுதியை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். கூட்டம் அதற்குத்தான் கைதட்டுகிறதாம். அதன் பிறகு வள்ளி வருகிறாள், முருகன் வருகிறார். நாலு பாட்டு. கல்யாணம் முடிந்துவிடுகிறது!

நடுவில் இருந்த தர்க்கம் எங்கே? கிழவர் எங்கே? யானை எங்கே?

வயலில் பிறந்த இலக்கணம்

நாடகத்துக்கு இலக்கணம் எல்லாம் வெள்ளைக்காரன் புத்தகத்தில்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், கதைக்கு முதல், இடை, கடை மூன்றும் வேண்டும் என்று சொன்னார். ஜெர்மனியைச் சேர்ந்த பிரைடாக் 1863-ல் நாடகத்தை ஐந்து பாகமாகப் பிரித்து, மலை ஏறி இறங்குவது போல் படம் வரைந்து காட்டினார். இரண்டும் நல்ல விஷயங்கள்தான். ஆனால் மதுரைப் பக்கத்து விவசாயிக்கு மலைப் படத்தைவிடச் சுலபமாக விளங்கும் கணக்கு ஒன்று தமிழிலேயே இருக்கிறது.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அதைச் சொல்கிறார். நாடகத்துக்கு முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்து நிலைகள். வடமொழியில் பரதரின் நாட்டிய சாஸ்திரமும் ஐந்து சொல்கிறது. அடியார்க்கு நல்லார் அதை விளக்குகிற விதம்தான் அழகு! பயிர் வைத்து விளக்குகிறார்.

நன்றாக உழுது பண்படுத்திய மண்ணில் விதை விழுந்து முளைப்பது போன்றது முகம். முளை இலைவிட்டு நாற்றாக நிற்பது பிரதிமுகம். நாற்று வளர்ந்து உள்ளே கதிரைச் சுமந்து நிற்பது கருப்பம். நம் குடியானவர்கள் "பயிர் பொதி கட்டியிருக்கிறது", "சூல் கட்டியிருக்கிறது" என்கிறார்களே, அதுதான். கதிர் வெளியே வந்து மணி முற்றித் தலை சாய்வது விளைவு. அறுத்து, போர் போட்டு, மாடு கட்டி அடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோறாக்கிச் சாப்பிட்டுச் சந்தோஷப்படுவது துய்த்தல்.

பெரியாற்றுப் பாசனத்தில் நெல் போடுகிற எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? பயிர் பொதி கட்டுகிற நேரத்தில் வயலைத் தண்ணீர் இல்லாமல் காயப் போட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். பதர்தான் மிஞ்சும்.

நாடகத்தை ஆராய்ந்த பிற்காலத்துப் பெரியவர்களும் மதுரையோடு சம்பந்தப்பட்டவர்களே. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்திலுள்ள விளாச்சேரியில் 1870-ல் பிறந்த பரிதிமாற் கலைஞர், 1897-ல் "நாடகவியல்" என்று ஒரு இலக்கண நூலே எழுதினார். வாழ்ந்தது 33 வருஷந்தான். இலங்கை மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் பேசிய பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் 1926-ல் வெளிவந்த "மதங்க சூளாமணி". ஷேக்ஸ்பியர் நாடகங்களை எடுத்துவைத்துக்கொண்டு, அவற்றில் இந்த உழவுக் கணக்கு எப்படிப் பொருந்துகிறது என்று அதில் பார்த்திருக்கிறார். ஆங்கில நாடகத்துக்கே பொருந்துகிற கணக்கு நம் ஊர் வள்ளிக்குப் பொருந்தாதா?

வள்ளி கதையில் விதை எது?

பொருத்திப் பார்க்கலாம். வேடர் தலைவன் நம்பிராஜன், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த பெண் குழந்தையை எடுத்து வளர்க்கிறான். அவள் பெரியவளாகித் தினைப்புனத்தில் காவல் இருக்கிறாள். நாரதர் வருகிறார், பார்க்கிறார். "இவள் முருகனுக்கு ஏற்றவள்" என்ற எண்ணம் அவருக்கு உண்டாகிறது. அதுதான் விதை. முருகன் காதில் விஷயம் விழுந்து அவர் வேடன் வேஷம் போட்டுக்கொண்டு புறப்பட்டதும் நாற்று நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வருவதுதான் கருப்பம். வேடன் வந்து பேச்சுக் கொடுக்கிறான். வள்ளி மசியவில்லை. அவன் ஒன்று கேட்டால் அவள் ஒன்று திருப்பிக் கேட்கிறாள். நம்பிராஜன் வரும் சத்தம் கேட்டதும் வேடன் வேங்கை மரமாக நின்றுவிடுகிறான். பிறகு தள்ளாத கிழவராக வருகிறார். பசி என்கிறார், தேனும் தினைமாவும் கிடைக்கிறது. தாகம் என்கிறார், சுனைத் தண்ணீர் கிடைக்கிறது. கடைசியில் "என்னைக் கல்யாணம் செய்துகொள்" என்கிறார்! வள்ளிக்குக் கோபம் வராமல் இருக்குமா? அண்ணன் பிள்ளையாரை முருகன் நினைக்க, யானை வருகிறது. பயந்துபோன வள்ளி கிழவரையே கட்டிக்கொள்கிறாள். வந்தவர் யார் என்று தெரிகிற இடம் விளைவு. கல்யாணம் துய்த்தல்.

இதில் கல்யாணம் எத்தனை நிமிஷம்? கொஞ்சந்தான். நாடகம் முழுவதும் அந்த "மாட்டேன்" என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறது. ஒருவருக்கு ஒன்று வேண்டும், இன்னொருவர் தர மாட்டேன் என்கிறார். உலகத்தில் எந்த நாட்டு நாடகமானாலும் இதுதான் உயிர். கேட்கிறவர் சாட்சாத் முருகப் பெருமான். மாட்டேன் என்கிறவள் புனத்தில் பறவை ஓட்டும் பெண். கடவுளே வந்து கேட்டாலும் காரணம் சொல்லு என்று கேட்கிற பெண்ணை, இரவு முழுதும் ஒரு கிராமம் உட்கார்ந்து ரசித்தது. தாய்மார்களும் பெண் பிள்ளைகளும் அதை ஏன் அவ்வளவு ஆசையோடு பார்த்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

தர்க்கத்தை வெட்டிவிட்டால் முருகன் வந்தவுடன் வள்ளி சரி என்று சொல்லிவிடுகிறாள். அந்த வள்ளிக்கு ஸ்திரீபார்ட் எதற்கு? ஒரு பொம்மை போதும்.

ஒத்திகை இல்லாத நாடகம்

மதுரைப் பக்கத்து நாடகத்துக்கு "ஸ்பெஷல் நாடகம்" என்று பெயர். காரணம் தெரியுமா? இதில் நடிக்கிறவர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் இல்லை. ராஜபார்ட்டைத் தனியாக அமர்த்துகிறார்கள். ஸ்திரீபார்ட்டை வேறு ஊரிலிருந்து தனியாக அமர்த்துகிறார்கள். பபூனும் பக்கவாத்தியக்காரர்களும் அப்படியே. ஒத்திகை என்பதே கிடையாது. அரிதாரம் பூசும் கொட்டகையில்தான் சில பேர் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து மேடையில் முருகனும் வள்ளியுமாக நிற்பார்கள்!

டைரக்டர் கிடையாது. பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. பிறகு எப்படி நாடகம் நடக்கிறது? அமைப்புதான் நடத்துகிறது. எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம், எந்தப் பாட்டு முடிந்தால் யார் உள்ளே வர வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆர்மோனியக்காரர் சுருதியை எடுத்தாலே உள்ளே இருப்பவர் தயாராகிவிடுவார். வழி தெரிந்த மாடு வண்டிக்காரன் தூங்கினாலும் வீடு வந்து சேருவது போல!

ஆனால் தர்க்கத்தில் இந்த மனப்பாடம் மட்டும் போதாது. எதிராளி இன்றைக்கு என்ன கேட்பார் என்று யாருக்கும் தெரியாது. புராணத்திலிருந்து கேட்கலாம், இலக்கணத்திலிருந்து கேட்கலாம், விடுகதையும் போடலாம். பதில் சொல்லாமல் விழித்தால் ஊரே சிரிக்கும். ஆகவே ஸ்திரீபார்ட்டாக வருகிற பெண் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டும் வேண்டும், வாயும் வேண்டும், ஞாபகமும் வேண்டும். தர்க்கம் போய்விட்டால் அவருடைய இத்தனை வருஷப் படிப்புக்கும் வேலை இல்லாமல் போகிறது. வயசும் சேலையுமே தகுதி என்று ஆகிவிடும். ஏற்கனவே நாடகப் பெண்களைப் பற்றி ஊர் வாய் நல்லதாகப் பேசியதில்லை. அவர்களுக்கு மரியாதை வாங்கிக்கொடுத்த பகுதியையே எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

2020-ம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். சீசன் சூடு பிடிக்கிற பங்குனி மாதத்தில், மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. திருவிழா நின்றது, நாடகமும் நின்றது. சில மாத வருமானத்தில் வருஷம் முழுவதும் சாப்பிடுகிற குடும்பங்கள் அவை. மேடை திரும்பக் கிடைத்த பிறகு, கிடைத்த மேடையில் பாதியைத் தாங்களே இழக்கும்படி ஆவது எவ்வளவு கொடுமை!

சுவாமிகள் போட்ட பாதை

இந்த அமைப்பு வானத்திலிருந்து விழவில்லை. ஒருவர் உழைத்துப் போட்ட பாதை இது. தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். அவர் வருவதற்கு முன்பு பாட்டு உண்டு, வசனம் அவரவர் வாய்க்கு வந்தபடி. ஒரு நாள் பேசியது மறுநாள் இருக்காது. சுவாமிகள் பாட்டையும் வசனத்தையும் எழுதி வரிசைப்படுத்தினார். வள்ளி திருமணம், கோவலன் சரித்திரம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று எழுதிக்கொண்டே போனார்.

பெரிய நடிகர்கள் அவரவர் இஷ்டத்துக்குப் பேசி நாடகத்தைக் கலைத்தார்கள் என்றுதான் அவர் சிறுவர்களைத் தேடினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் புகழ் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயிற்சி பெற்றவர்களே. சிறுவன் டி.கே. சண்முகத்துக்காகச் சுவாமிகள் ஒரே இரவில் "அபிமன்யு சுந்தரி" நாடகத்தை எழுதி முடித்தார் என்பார்கள். 1922-ல் புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார்.

ஒரே இரவில் எப்படி எழுத முடிந்தது? பாட்டு எங்கே, சிரிப்பு எங்கே, அழுகை எங்கே என்ற வரிசை மனத்தில் முன்பே இருந்ததால்தான். வீட்டின் வரைபடம் தயாராக இருந்தால் கொத்தனார் வேகமாகக் கட்டுவார்.

சென்னையில் அதே காலத்தில் பம்மல் சம்பந்த முதலியார் வேறு வழியில் போனார். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்த பெரிய மனிதர்களை மேடை ஏற்றினார். பாட்டைக் குறைத்து வசனத்தை வளர்த்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை "அமலாதித்யன்" ஆக்கினார். அதுவும் பெரிய தொண்டு. ஆனால் அந்தப் பட்டணத்து அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்து, மதுரை நாடகத்துக்கு உருவமே இல்லை என்று சிலர் சொல்வது சரியில்லை. நாற்றங்காலைப் பார்த்துவிட்டுத் தென்னந்தோப்பு போல் இல்லையே என்று குறை சொல்லலாமா?

பறவை ஓட்டிய இடத்தில் வெள்ளைக்காரனை ஓட்டினார்கள்

உருவம் உறுதியாக இருந்ததால் அதற்குள் புது விஷயத்தை வைக்கவும் முடிந்தது. திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாத தாஸ் அதற்குச் சாட்சி. அவருடைய முருகன் வேஷம் பிரசித்தம். தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற கட்டம் வரும் அல்லவா? அந்த இடத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். கொக்கு என்றால் யார் என்று ஜனங்களுக்குப் புரியும். போலீசாருக்கும் புரியும்! மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் மேடைக்கென்றே தேசபக்திப் பாட்டுகளை எழுதிக் கொடுத்தார்கள். 1876-ம் ஆண்டு நாடகச் சட்டத்தைக் கையில் வைத்திருந்த சர்க்கார் சும்மா இருக்குமா? தாஸ் பல முறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். மயில்மேல் முருகனாக அமர்ந்த நிலையில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

கதை நடுவில் சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது என்று சொல்கிற பண்டிதர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாஸ் கதையை உடைக்கவில்லை. பறவை ஓட்ட வேண்டிய இடத்தில் பறவைதான் ஓட்டினார்.

பபூன் மேல் பழி வேண்டாம்

இவ்வளவும் சொன்னதால் பபூன் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. விதைக்கு முன்பு உழவு வேண்டும். நாளெல்லாம் களத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர்களைச் சிரிக்க வைத்து, குழந்தைகளை உட்கார வைத்து, வம்பு பேசுகிறவர்களை மேடை பக்கம் திருப்புகிற வேலை லேசானதில்லை. தனி ஆளாக நின்று அதைச் செய்கிறார். தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் நகைதான் முதலாவது. அழுகை அடுத்தாற்போல வருகிறது.

ஆனால் விடிகிற வரை உழுதுகொண்டே இருந்தால் எப்போது விதைப்பது? சில ஊர்களில் பபூனும் டான்சும் பேசுகிற பேச்சை வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து கேட்க முடிவதில்லை. இந்தப் பழியைக் கலைஞர் தலையில் மட்டும் போடக் கூடாது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று முன்வரிசையில் இருந்து நோட்டு நீட்டுகிறவர் யார்?

மூன்று மணி நேரத்தில் முடியுமா?

முடியும். நீண்ட காலப் பயிருக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் குறுகிய கால நெல்லைப் போடுவதில்லையா? 150 நாள் பயிரை 100-வது நாளில் அறுத்து எடுத்துக்கொண்டு வந்து நெல் என்று யாரும் சொல்வதில்லை. விதை வேறு, கணக்கு வேறு. ஆனால் குறுகிய காலப் பயிரும் பொதி கட்டித்தான் கதிர் விடும்.

சினிமா வந்த பிறகு டி.கே.எஸ். சகோதரர்களே தங்கள் நாடகங்களைச் சில மணி நேரத்துக்குள் அடக்கிக் காட்டினார்கள். கட்டங்களைச் சுருக்கினார்கள், கதையின் முதுகெலும்பை எடுக்கவில்லை. வள்ளி திருமணத்திலும் அதைச் செய்யலாம். ஒரே கருத்தைத் திரும்பச் சொல்லும் பாட்டுகளைக் குறைக்கலாம். நாரதர் வருகையைச் சுருக்கலாம். வேடனோடு ஒரு நல்ல தர்க்கம், கிழவரோடு ஒரு நல்ல கட்டம், இரண்டையும் குறைக்காமல் வைத்துக்கொள்ளலாம். இதைக் கமிட்டியார் மேடைக்கு ஏறி மணி அடித்துச் செய்யக் கூடாது. சங்கங்களில் இருக்கும் மூத்த கலைஞர்களே உட்கார்ந்து, மூன்று மணி நேர வள்ளி திருமணத்துக்கு ஒரு வரிசை போட வேண்டும். ஒத்திகை இல்லாமல் நடக்கிற நாடகம் ஆயிற்றே! புது வரிசை எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிந்தால்தான் திண்டுக்கல் ராஜபார்ட்டும் புதுக்கோட்டை ஸ்திரீபார்ட்டும் ஒரே மேடையில் தடுமாறாமல் நிற்க முடியும்.

நேரத்தையும் மாற்றிப் பார்க்கலாம். எதற்காக 10 மணி வரை காத்திருக்க வேண்டும்? சாயங்காலம் 6.30-க்கு ஆர்மோனியம் ஒலிக்கட்டும். 7 மணி வரை பபூன். 7 மணிக்கு வள்ளி புனத்துக்கு வந்துவிட்டால், வேடன் தர்க்கம் 8 மணிக்குத் தொடங்கிவிடும். நோட்டீசில் இந்த நேரத்தையும் கொட்டை எழுத்தில் போட்டுவிடலாம்: "தர்க்கம் சரியாக 8 மணிக்கு". 9.30-க்குள் யானை வந்துவிடும், தூங்கிப் போகாத பிள்ளைகள் முன்வரிசையில் இருந்து அலறுவார்கள்.